முயல் சுடக் கண்ணாடி வாங்கிய கதை

1

வருகிற செவ்வாயோடு, மொண்டெல்லோவில் வேலை பார்த்த வளவின் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு நான் வெளியே வந்து ஒரு வருடம் முடிகிறது. மன்னாரிலிருந்து யார் போன் எடுத்தாலும் முதலில் காலநிலையைக் கேட்கிறார்கள். அடுத்த கேள்வி இதுதான்: "பன்னிரண்டு வருசம் இருந்த வேலையை ஏன்ராப்பா விட்டனி?" இரண்டுக்கும் "பரவாயில்லை" என்றே சொல்லி வந்தேன். இனி அப்படிச் சொல்ல எனக்கு ஏலாது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

என் பெயர் சூசைதாசன். சூசை என்றால் ஜூசெப்பேதான் என்று, நான் வந்த புதிதில் இங்குள்ள கத்தோலிக்கச் சுவாமியார் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். ஜூசெப்பேயைச் சுருக்கி, அன்றிலிருந்து இத்தாலியின் இந்தப் பலேர்மோ நகரத்துக்கு நான் பெப்பே. மனைவி றீற்றா மூன்று வீடுகளில் துப்புரவு வேலை செய்கிறாள். ஒரே மகள் நிலானி இங்கேயே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தாள். அல்பெர்கேரியாப் பகுதியில், பல்லாரோ சந்தையின் மீன்மணம் படியேறி வரும் மூன்றாம் மாடியில் எங்களுக்கு இரண்டு அறைகள்.

நான் வேலை பார்த்தது ஒரு வழக்கறிஞரின் வளவில். இங்கே வழக்கறிஞரைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், 'அவ்வொகாத்தோ' என்பார்கள். எழுபதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். நகரத்தில் அலுவலகம், மொண்டெல்லோக் கடற்கரைக்குப் பின்னால் மலையடிவாரத்தில் வீடு. வீட்டைச் சுற்றி எலுமிச்சை மரங்கள், பின்னால் ஒரு திராட்சைத் தோட்டம். மரங்களும் வாசல் படலையும் நாயும் நீச்சல்குளமும் என் பொறுப்பு. காலை ஏழு மணி பஸ்ஸில் போவேன், மாலையில் திரும்புவேன். அவர் என்னை 'நீ' என்பார். நான் அவரை 'நீங்கள்' என்பேன். பன்னிரண்டு வருடத்தில் அவர் எனக்குக் கெடுதல் ஒன்றும் செய்ததில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

2

முந்திய வருடம் மாரி முடிந்தபோது அவ்வொகாத்தோ நாற்பது புதிய திராட்சைக் கன்றுகள் வாங்கினார். குழி தோண்டி நட்டது நான். ஒரு கிழமைக்குள் மலையிலிருந்து முயல்கள் இறங்கின. பாதிக் கன்றுகளின் தளிர் போய்விட்டது, மீதிக் கன்றுகளில் பட்டை உரிந்திருந்தது. கம்பிவலை அடித்தேன். அதன் அடியால் தோண்டிக்கொண்டு வந்தன.

ஒரு மாலை அவர் அலுமாரியைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த ஒரு காற்றுத் துவக்கை எடுத்து மேசையில் வைத்தார். விளையாட்டுச் சாமான் அல்ல. பாரமானது, அனுமதிப்பத்திரம் தேவைப்படுகிற வகை. அனுமதிப்பத்திரம் அவருடைய பெயரில் இருந்தது.

"பெப்பே, உங்கள் நாட்டில் யுத்தம் நடந்ததுதானே. உனக்குத் துவக்கைப் பற்றித் தெரியும்."

துவக்கின் முன்பக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். அதன் பின்பக்கத்தில் நான் ஒருநாளும் நின்றதில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான், "கொஞ்சம் தெரியும், அவ்வொகாத்தோ" என்றேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் என்னிடம் எனக்குத் தெரிந்திருக்கக்கூடிய ஒன்றைக் கேட்டார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"என் கண்ணில் ஒப்பரேசன் செய்ததிலிருந்து பொழுதுபட்டால் எல்லாம் மங்கல்தான்" என்றார். "குறிபார்க்க ஒரு கண்ணாடியும் விளக்கும் வேண்டும். நீயே பார்த்துத் தெரிவுசெய். கடைச் சீட்டையும் உன் பெயரில் போடு. எனக்கு அலைய நேரமில்லை."

அன்றிரவு மன்னாருக்கு எடுத்தேன். என் அண்ணன் இளமையில் நெற்றியில் ரோச் லைற்றைக் கட்டிக்கொண்டு பற்றைக்காட்டுக்குள் முயல் தேடிப் போனவர்.

"முயலுக்கு ஸ்கோப்போ?" விழுந்து விழுந்து சிரித்தார். "இத்தாலிக்குப் போய் இருவத்திரெண்டு வருசம். ஒரு கார் வாங்கினியோ எண்டா இல்லை. முயலுக்குக் கண்ணாடி வாங்கப் போறானாம்!"

"லைற்றைப் பற்றிச் சொல்லுங்கோ அண்ணா."

"வெள்ளை வெளிச்சம் ரெண்டு நாளைக்குத்தான் சரிவரும். மூண்டாம் நாள் அதுகள் படிச்சிடும், லைற்றைக் கண்டவுடன பாயும். சிவப்பு அடி. நாங்கள் நத்தாருக்கு நட்சத்திரக் கூடு ஒட்டுற சிவப்புத் தாளைத்தான் லைற் வாயில கட்டினது. முயலுக்குச் சிவப்பு அவ்வளவாத் தெரியாது போல."

சிரிப்பில்லாமல் தொடர்ந்தார். "பிறகு சண்டைக்குள்ள ஆமிக்காரர் பற்றரியே வரவிடாமப் பண்ணினாங்கள். இருட்டுக்குள்ள வெளிச்சத்தோட திரிஞ்சவனுக்கு என்ன நடந்தது எண்டு உனக்குத் தெரியும்தானே."

தெரியும். எனக்குப் பத்தொன்பது வயதில் இராணுவச் சுற்றிவளைப்பு ஒன்று நடந்தது. ஊர் ஆண்களை எல்லாம் கோயில் முற்றத்தில் முழங்காலில் வைத்து, கைகளைத் தலைக்குப் பின்னால் கட்டச் சொல்லி, ஒவ்வொருவர் முகத்திலும் ரோச் லைற் அடித்தார்கள். வெளிச்சம் என் முகத்தில் நின்ற நேரத்தை என்னால் இன்றைக்கும் அளந்து சொல்ல முடியும். எனக்கு இரண்டு பேர் தள்ளி இருந்தவனை எழும்பச் சொன்னார்கள். அவன் திரும்பி வரவில்லை.

3

துவக்குக் கடை புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில். போகுமுன் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டேன். தூரத்தைக் கிட்டக் காட்டும் கண்ணாடிக்கு இத்தாலிய மொழியில் கன்னோக்கியாலே. கடைக்குள் நுழைந்ததும் நாக்கு வழுக்கிவிட்டது.

"காற்றுத் துவக்குக்குப் பூட்ட ஒரு கன்னொலிக்கியோ வேண்டும்."

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு மிக மரியாதையாக, "அது பல்லாரோவில் கிலோக் கணக்கில் கிடைக்கும், ஐயா" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கன்னொலிக்கியோ என்பது விரல் நீளத்தில் இருக்கும் ஒரு மட்டி. ஒவ்வொரு நாளும் என் வீட்டு வாசலில் கூவி விற்கிற சாமான். இருபத்திரண்டு வருடம் இந்த மொழியில் வேலை செய்கிறேன். முக்கியமான நேரத்தில் வாயில் வருவது மட்டிதான்.

கூச்சத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவற்றில் மிகப் பெரியதைக் காட்டினேன். பன்னிரண்டு மடங்கு பெருப்பித்துக் காட்டுவது.

"என்ன துவக்கு?" என்று கேட்டார்.

"உள்ளே சுருள்வில் இருக்கிறது."

"அப்படியென்றால் இது வேண்டாம். பெரிய துவக்கு பின்னால்தான் உதைக்கும். சுருள்வில் துவக்கு பின்னாலும் உதைக்கும், முன்னாலும் உதைக்கும். இந்தக் கண்ணாடி அதைத் தாங்காது, உள்ளே கழன்றுவிடும். காற்றுத் துவக்குக்கென்றே செய்தது இருக்கிறது. எவ்வளவு தூரம்?"

"இருபது, இருபத்தைந்து மீற்றர்."

"அப்போ பத்து மீற்றரிலும் தெளிவாகக் காட்டுவது வேண்டும். முன் வளையத்தைத் திருப்பித் தூரம் வைக்கிற வகை. தூரத்துக்கென்று செய்த கண்ணாடியில் கிட்ட இருப்பது மங்கும். உன் கண் அசைந்தால் குறியும் அசையும். எந்த நேரத்தில் சுடுவதற்கு?"

"இருட்டின பிறகு."

"எதை?"

"முயலை."

கையில் இருந்த கண்ணாடியை அவர் மேசையில் வைத்தார். வாசலைப் பார்த்தார். "நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. காகித அட்டையைச் சுடத்தானே?"

பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். "ஓம், காகித அட்டைக்குத்தான்" என்றேன். இந்த நகரத்தில் வாய் ஒன்று சொல்லும், கண் இன்னொன்று சொல்லும். எதை எப்போது நம்புவது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எனக்கு விளங்கியிருக்க வேண்டிய இடம் அதுதான்.

அவர் வியாபாரி. தொடர்ந்து விளங்கப்படுத்தினார். "காகித அட்டை இருட்டில் நின்றால் நாலு மடங்குக்கு மேல் வைக்காதே. பெருப்பிக்கப் பெருப்பிக்க இருட்டும், தேடிப் பிடிக்கவும் ஏலாது. முன்கண்ணாடி அகலமாக இருக்கட்டும், வெளிச்சம் நிறைய வரும். காகித அட்டை வெளிச்சத்துக்கு வெருளும் என்றால் விளக்கு சிவப்பாக இருக்க வேண்டும்." அண்ணன் சொன்னதையே கடைக்காரரும் சொன்னபோது எனக்கு உள்ளூரப் பெருமை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகி உள்ள ஒரு சிறிய விளக்கைத் தெரிவுசெய்தேன். அதைக் கண்ணாடிக்கு மேல்தான் பூட்ட வேண்டும், கீழே பூட்டினால் குழலில் வெளிச்சம் பட்டுக் கண்ணைக் கூசச்செய்யும் என்றார்.

உத்தரவாத அட்டையில் பெயர் கேட்டார்கள். சூசைதாசன் என்று முழுதாக எழுதினேன். பெப்பே என்று எழுதாமல் கையெழுத்து வைத்ததில் எனக்கு ஒரு சந்தோசம் இருந்தது.

4

குறி சரிசெய்யவே மூன்று மாலைகள் எடுத்தன. இருபத்தைந்து மீற்றரில் பலகையில் காகிதம் ஒட்டி, சுட்டு, திருகியைத் திருப்பி, மறுபடி சுட்டு. முதல் நாள் குண்டுகள் பலகையிலேயே படவில்லை. மூன்றாம் நாள் ஐந்து குண்டுகளும் ஒரு போத்தல் மூடிக்குள் அடங்கின. அவ்வொகாத்தோ எழும்பிப் போய்க் காகிதத்தைப் பிய்த்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"உனக்குக் கண் இருக்கிறது, பெப்பே."

வெளி விறாந்தையில் இன்னொரு கதிரை எடுத்துப் போட்டார். அந்த விறாந்தையை நான் எத்தனையோ ஆயிரம் தடவை கழுவியிருப்பேன். உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கோப்பி அவரே ஊற்றித் தந்தார். செத்துப்போன மனைவியைப் பற்றிக் கதைத்தார். தன் மகன் வருவதில்லை என்று கதைத்தார். தமிழில் முயலுக்கு என்ன சொல் என்று கேட்டு, 'முயாலே, முயாலே' என்று சொல்லிப் பார்த்தார். நிலானியின் படிப்பை விசாரித்தார்.

"முடித்ததும் என் அலுவலகத்துக்கு வரச்சொல். பயிற்சி வழக்கறிஞராகச் சேர்த்துக்கொள்கிறேன்."

இங்கே சட்டம் படித்த எங்கள் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வாசல் திறப்பதென்பது என்ன என்று ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. அன்றைக்கு பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

முதல் வேட்டையில் மூன்று தடவை அவர் சுட்டார், மூன்றும் தவறின. நான்காம் தடவை துவக்கை என் கையில் தந்துவிட்டு விளக்கின் திருகியைத் தான் பார்த்துக்கொண்டார். சிவப்பு வெளிச்சத்தில் முயலின் கண்கள் இரண்டு நெருப்புப் பொட்டுகளாக நின்றன. அது ஓடவில்லை, தன் பாட்டில் தின்றுகொண்டிருந்தது. மூச்சை விட்டு, மெதுவாக விசையை இழுத்தேன். இருந்த இடத்திலேயே சரிந்தது. அவர் என் தோளில் தட்டினார். ஐம்பத்தொரு வயதில், ஒரு கிழவர் தோளில் தட்டியதற்கு என் நெஞ்சு அடித்த அடி வெட்கப்படத்தக்கது.

றீற்றா தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தாள். ஒரு கிண்ணம் அவ்வொகாத்தோவுக்கும் போனது. நிலானி மட்டும் தொடவில்லை. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் அவள் இத்தாலிய மொழியில்தான் பதில் சொல்வாள். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னாள்.

"அப்பா, இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? இரவில் வேட்டையாட விடமாட்டார்கள். உங்களிடம் அனுமதிப்பத்திரமும் இல்லை."

"அவ்வொகாத்தோவுக்குத் தெரியாத சட்டமோ பிள்ளை?" என்றேன்.

அவள் தன் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

5

ஐந்தாம் தடவையோ ஆறாம் தடவையோ. பொழுதுபட்டு ஒரு மணித்தியாலம் இருக்கும். குளிர்ந்ததால் அவ்வொகாத்தோ மேலங்கி எடுக்க உள்ளே போயிருந்தார். நான் பின்மதிலோரம் துவக்கோடு நின்றேன். மதிலுக்கு அந்தப் பக்கம் பாதுகாக்கப்பட்ட மலை. கீழ் வீதியால் போன யாரோ சிவப்பு வெளிச்சம் அசைவதைக் கண்டு சொல்லியிருக்கிறார்கள்.

வெள்ளை வெளிச்சம் ஒன்று நேராக என் முகத்தில் விழுந்தது. "அசையாதே!"

என் உடம்பு எனக்கு முன்னே முடிவெடுத்துவிட்டது. துவக்கைக் கீழே போட்டேன். முழங்காலில் விழுந்தேன். கைகள் தாமாகவே தலைக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன. வந்தவர்கள் இரண்டு வனக்காவலர்கள், அதில் ஒருவர் பெண். அவர்கள் அப்படிச் செய்யச் சொல்லவே இல்லை. அந்தப் பெண் பதறிப்போனார். "எழும்புங்கள், என்ன செய்கிறீர்கள், எழும்புங்கள் ஐயா." என்னால் எழும்ப முடியவில்லை. மற்றவர் அவரிடம் மெல்லச் சொன்னது எனக்கு விளங்கியது. "இவனுக்கு இதில் பழக்கம் இருக்கிறது."

அவ்வொகாத்தோ மேலங்கியோடு வெளியே வந்தார். துவக்கைப் பார்த்தார், காவலர்களைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"பெப்பே! அந்த அலுமாரியைத் தொடாதே என்று உனக்கு எத்தனை தடவை சொன்னேன்?"

அவருடைய குரலில் இருந்த வேதனையைக் கேட்டு ஒரு கணம் நானே நம்பிவிட்டேன். அலுமாரியை உண்மையில் நான்தான் திறந்தேனோ என்று.

காவலர் எழுதினார். கண்ணாடி யாருடையது? சீட்டு என் பெயரில். விளக்கு யாருடையது? உத்தரவாத அட்டை என் பெயரில். செத்த முயல் யாருடைய பைக்குள்? என்னுடைய பைக்குள். "ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று அந்தப் பெண் இரண்டு தரம் கேட்டார். நான் அவ்வொகாத்தோவைப் பார்த்தேன். அவர் எலுமிச்சை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒன்றுமில்லை" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன்.

6

அடுத்த நாள் காலையில் அவர் என்னைச் சமையலறையில் உட்காரவைத்தார். கண்கள் சிவந்திருந்தன. நித்திரை கொண்டிருக்கமாட்டார்.

"நான் வழக்கறிஞர். என் பெயரில் இது வந்தால் வேலையே போய்விடும். உனக்கென்றால் சின்ன விசயம். நான் பார்த்துக்கொள்கிறேன்."

"அவ்வொகாத்தோ, என் குடியுரிமை விண்ணப்பம் இன்னும் முடியவில்லை."

"அது வேறு, இது வேறு."

"உண்மையைச் சொன்னால் என்ன?"

"கொனில்யோ மாதிரி நடுங்காதே" என்றார். கொனில்யோ என்றால் முயல். கோழைக்கும் இங்கே அதே சொல்தான். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மகளை நினைத்துப் பார். அலுவலகத்தில் அவளுக்கு ஒரு மேசை காத்திருக்கிறது."

நான் மகளை நினைத்தேன். வாயை மூடினேன்.

மூன்று மாதம் கழித்து வழக்குக் கடிதம் வந்தது. நான்கு பக்கம், ஒரு வரிகூட எனக்கு விளங்கவில்லை. இந்த மாதிரிக் கடிதங்களை ஒன்பது வயதிலிருந்து எங்களுக்கு வாசித்துச் சொல்வது நிலானிதான். இதை அவளிடம் கொடுக்கக்கூடாது என்று ஒரு கிழமை ஒளித்துவைத்தேன். றீற்றா எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

நிலானி நின்றபடியே வாசித்தாள். பிறகு தமிழில் கேட்டாள். கோபம் வந்தால் மட்டும் அவளுக்குத் தமிழ் வரும்.

"துவக்கு ஆற்ற?"

"அவ்வொகாத்தோவின்ர."

"சுடச் சொன்னது ஆர்?"

"அவர்தான்."

"அப்ப ஏன் இதில நீங்கள் களவா எடுத்தது எண்டு இருக்கு? ஏன் சைன் வச்சனீங்கள்?"

சொன்னேன். மேசையைப் பற்றிச் சொன்னேன். அவளுடைய முகம் மாறியதைப் பார்த்தபோதுதான், நான் செய்தது என்ன என்று எனக்கே தெரிந்தது.

"என்னை ஏன் அதுக்குள்ள இழுத்தனீங்கள்? நான் கேட்டனானோ? அந்த மேசையில நான் எப்பிடி இருப்பன்? நீங்கள் முழங்காலில நிண்டதில வந்த மேசையில?"

"உனக்காகத்தானே பிள்ளை..."

"எனக்காக இல்லை. அவர் உங்களை நல்லவன் எண்டு சொல்லவேணும் எண்டதுக்காக."

றீற்றா, "அப்பாவோட அப்பிடிக் கதையாதை" என்று அதட்டினாள். அதட்டலில் பலமில்லை. அவளும் அதையேதான் நினைத்திருந்தாள்.

7

அந்த வாரமே நிலானி அவ்வொகாத்தோவின் அலுவலகத்துக்குப் போய், தனக்கு அந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. பிறகு என்னை ஒரு இளம் பெண் வழக்கறிஞரிடம் கூட்டிப்போனாள். நான் உண்மை முழுவதையும் சொன்னேன். அது எழுத்தில் போனது. எழுத்து போன மறுநாள் அவ்வொகாத்தோ சாவியைக் கேட்டார். கோபப்படவில்லை. "வழக்கு இருக்கிற ஆளிடம் வீட்டை எப்படி விடுவது, நீயே சொல்" என்றார். சாவிக்கொத்தை மேசையில் வைத்தேன். நாய் படலைவரை என்னோடு வந்தது.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி பொல்லாத மனிதர் அல்ல. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுப் பேனையைக் கீழே வைத்தார்.

"இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

எனக்கு இத்தாலிய மொழியில் காரணம் இருந்தது, தமிழிலும் இருந்தது. இரண்டிலும் அது கேட்பதற்குப் பொய்யாகவே இருந்தது. "தெரியாது" என்றேன். அதையும் எழுதினார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. அவர் சொல் ஒரு பக்கம், என் சொல் ஒரு பக்கம். என் கையெழுத்தும் அவர் பக்கம்தான். குடியுரிமை விண்ணப்பத்துக்கும் பதில் வந்தது. நடைபெறும் வழக்கைக் கருத்திற்கொண்டு விண்ணப்பத்தை நிராகரிக்க உத்தேசித்துள்ளோம், ஆட்சேபம் இருந்தால் எழுதவும் என்று. எழுதியிருக்கிறோம். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அட்டை கையில் இருக்கிறது. அதைப் புதுப்பிக்கப் போகும்போது என்ன கேட்பார்களோ தெரியாது.

இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் படிக்கட்டுகளைக் கழுவுகிறேன். நாப்போலிக் கப்பல் வெளிக்கிடும் நேரத்துக்கு ஆறாம் மாடியில் நிற்பேன். நிலானி படிப்பு முடிந்து வடக்கே பொலோனியா நகரத்துக்குப் போய்விட்டாள். அங்கே சம்பளமில்லாத பயிற்சி, மாலையில் உணவகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை எடுப்பாள். தாயோடு அரை மணித்தியாலம், என்னோடு இரண்டு நிமிடம். "எப்படி இருக்கிறீர்கள் அப்பா" என்று இத்தாலிய மொழியில் கேட்பாள். அவள் மரியாதையில் ஒரு குறையும் வைப்பதில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

அவள் அன்றைக்குச் சொன்னது சரியா என்று நான் யோசிப்பதுண்டு. அவ்வொகாத்தோவை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் அந்த மூன்று மாலைகளை, காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு அவர் நின்றதை நினைத்தால், எரிச்சலோடு வேறொன்றும் வருகிறது. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

8

இரண்டு கிழமைக்கு முன் ரஞ்சன் போன் எடுத்தார். எங்கள் நாட்டில் தீவுப்பகுதி ஆள், நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். எங்கள் பங்குக் கோயிலுக்குத்தான் பூசைக்கு வருகிறவர். அவ்வொகாத்தோவின் வளவில் இப்போது வேலை செய்வது அவர்தான் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே கோயிலில் அவருக்குப் பக்கத்தில் நான் போவதில்லை.

"அண்ணை, உங்களுக்கு இந்தத் துவக்குக்குப் பூட்டுற ஸ்கோப், லைற் எல்லாம் நல்லாத் தெரியுமாம். முயல் கரைச்சல் தாங்கேலாமக் கிடக்கு. எது வாங்கினா நல்லம்?"

"ஆர் வாங்கச் சொன்னது?"

"அவ்வொகாத்தோதான். புதுசா ஒரு காற்றுத் துவக்கு எடுத்திருக்கிறார். இது பலம் குறைஞ்சதாம், பத்திரம் தேவையில்லையாம்."

"ரஞ்சன், துவக்கு வச்சிருக்கிறது வேற, அதால மிருகம் சுடுறது வேற. இரவில சுடவே கூடாது. உம்மட பேரில ஒண்டும் வாங்காதையும். எனக்கு நடந்தது தெரியும்தானே?"

"நீங்கள் கேக்காம அலுமாரியைத் திறந்ததாமே அண்ணை." என்றார். "நான் அப்பிடிச் செய்யன். அவர் என்னோட நல்ல மாதிரி. பின்னேரத்தில பக்கத்தில இருத்தி வச்சுக் கதைக்கிறார். என்ர மூத்தவனைப் பற்றியும் கேட்டவர்."

"என்ன கேட்டவர்?"

"உங்களுக்கு எரிச்சல் அண்ணை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

றீற்றா உள்ளேயிருந்து ஆர் என்று கேட்டாள். சொன்னேன். "விடுங்கோ, பட்டுத் தெளியட்டும்" என்றாள். விட்டுவிட எனக்கும் விருப்பம்தான். எனக்கு எரிச்சல் என்று ரஞ்சன் சொன்னதில் பாதி சரி என்பதால் விட முடியவில்லை. மற்றப் பாதி பிழை என்று எனக்கு நானே காட்டவேண்டியிருந்தது.

சனிக்கிழமை, என் வழக்குக் கடிதத்தையும் குடியுரிமைக் கடிதத்தையும் பிரதி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். படலைக்கு வெளியே நின்று மணி அடித்தேன். ரஞ்சன் வந்தார். என்னைக் கண்டதும் முகம் இறுகியது. படலையைத் திறக்கவில்லை. கம்பிக்கு இடையால் தாள்களை நீட்டினேன்.

"நீர் என்னை நம்பவேண்டாம். இதை உம்மட மூத்தவனிட்டக் குடுத்து வாசிக்கச் சொல்லும். இத்தாலி மொழியில இருக்கு. அவனுக்கு விளங்கும்."

அவர் வாங்கினார். முதல் பக்கத்தைப் பார்த்தார். என் பெயர் இருந்த இடத்தில் கண் நின்றது.

விறாந்தைப் பக்கமிருந்து அந்தக் குரல் கேட்டது. கொஞ்சம் தளர்ந்திருந்தது. "யார் அது?"

ரஞ்சன் என்னைப் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, உரத்த குரலில் சொன்னார்: "யாருமில்லை, அவ்வொகாத்தோ."

சொல்லிக்கொண்டே தாள்களை நாலாக மடித்து, மேற்சட்டைக்குள் ஒளித்துவைத்தார்.